செவ்வாய்க்கிழமைக்குள் போக வேண்டிய ஓட்டு

வில்லா காம்பவுண்டின் கேட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான் டாக்சி பிடித்திருக்கலாமே என்று தோன்றியது. அதற்குள் ரூவிக் கடைவீதிக்குப் பாதி தூரம் வந்துவிட்டேன். தோளில் ஒரு பை. அதில் துணிகளுக்கு மேலே மடங்காமல் வைத்த ஒரு வெள்ளை உறை.

அந்த மஸ்கட் காம்பவுண்டைப் பதினான்கு மாதம் பெருக்கியிருந்தேன். துப்புரவு ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் பாலைவனத்துப் பக்கம் இன்னொரு சைட்டுக்குப் போகச் சொன்னார். மாட்டேன் என்றேன். "கலாஸ்", முடிந்தது என்று, வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ள ரிலீஸ் பேப்பரைக் கொடுத்துவிட்டார். எனக்கு அது புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். துபாயில் சோனாப்பூர் கேம்ப்பை விட்டேன், ரியாத்தின் பத்தா பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடையை விட்டேன். விட்டுவிட்டு நடக்கும்போது எப்போதும் கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கும்.

உறை என்னுடையதல்ல. காம்பவுண்டில் குடியிருந்த அமெரிக்கப் பள்ளிக்கூட டீச்சருடையது. அதற்குள் அவருடைய ஓட்டு இருந்தது.

மூன்று நாள் முன்பு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவனை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவருடைய மாநிலத்தில், வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போட்டாலும் உறையின் மேல் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினெட்டு வயது தாண்டிய யாராக இருந்தாலும் சரி. அவர் என் எதிரில் உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். கீழே நான் போட்டேன்.

காங்கிரஸ் என்று அவர்கள் சொல்லும் நாடாளுமன்றத்துக்கான தேர்தல் அது. பனி கொட்டும் ஊராம். எங்கள் ஜில்லாவில் உள்ள ஜனம்கூட அந்த மாநிலம் முழுக்கக் கிடையாது. கீழ்ச்சபைக்கு மொத்தமே ஒரே ஒரு உறுப்பினர். மெதுவான ஆங்கிலத்தில் எனக்குப் புரியும்படி சொன்னார்.

"உங்கள் ஆள் ஜெயிப்பாரா மேடம்?"

"மாட்டார். அங்கே எப்போதும் மற்றக் கட்சிதான்."

"அப்புறம் எதற்கு இவ்வளவு சிரமம்?"

"எண்ணுவார்களே. எங்களுக்கு ஆளே இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது."

அவருக்கு ஓட்டுச்சீட்டு தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் உறை அங்கே போய்ச் சேராவிட்டால் எண்ண மாட்டார்கள். கிளம்பும் நாளில், நான் ரூவிக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், "இன்று கூரியரில் கொடுத்துவிடு, தவறினால் நாளைக் காலை. அதற்கு மேல் பயனில்லை" என்று என் கையில் கொடுத்தார். இந்த நாடுகளில் ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் என் விரல் ரேகையை எடுத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்குப் போகும் ஒரு தாளில், நான் பார்த்தேன் என்று சொல்ல யாரும் கேட்டதில்லை. அந்த நினைப்பிலேயே நடந்தேன். நடந்ததால் போய்ச் சேர ஆறு மணி ஆயிற்று. கூரியர் கடை ஷட்டர் இறங்கியிருந்தது.

புதுக்கோட்டைக்கார நண்பன் ஒருவன் அங்கே எட்டுப் பேர் ரூமில் இருந்தான். அன்று இரவு திருச்சி விமானம் அவனுக்கு. லீவுக்குப் போகிறவன் ரூமில் என்ன நடக்கும் என்பது வளைகுடாவில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கடிதம், பத்திரம், மருந்து, எல்லாம் அவன் பெட்டிக்குப் போகும். தபால் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. போகிறவன் கையில் கொடுத்தால் போய்விடும், அவ்வளவுதான். நானும் யோசிக்கவே இல்லை. "இத ஊர்ல போஸ்ட் பண்ணிரு மாப்ளே" என்று உறையை நீட்டினேன். அவன் பால் பவுடருக்கும் கம்பளிக்கும் நடுவே செருகி, அட்டைப்பெட்டியை டேப் ஒட்டிக் கயிறு கட்டினான். தராசில் தூக்கி, சரியாக முப்பது கிலோ என்று பெருமைப்பட்டான்.

டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னான். "பொங்கலுக்குள்ள போட்டுருவேன், கவலப்படாத."

"செவ்வாக்கெழமக்குள்ள அமெரிக்கா போவணும்டா."

"எந்தச் செவ்வா?"

"வர்ற செவ்வா."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஏன்டா, திருச்சியில தபால்ல போட்டா அது அமெரிக்கா போக ஒரு மாசம் ஆவும். போன லீவுல குடுத்த கவரு ரெண்டு இன்னும் எங்க வீட்டு பீரோவுலயே கெடக்கு. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"ஓட்டு. ஒரு மேடத்தோட ஓட்டு. நாந்தான் சாட்சிக் கையெழுத்து."

"யாரு ஜெயிப்பா?"

"அவங்க ஆளு தோத்துருவாராம். எப்பவும் தோக்குற எடமாம்."

கீழே டாக்சி ஹாரன் அடித்தது. இனி பெட்டியைத் தொட மாட்டான் என்றுதான் நினைத்தேன். முப்பது கிலோவுக்காக ஒரு வாரம் அடுக்கிய பெட்டி அது. அவன் சமையல் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான்.

"எங்க சித்தப்பா வார்டு எலெக்‌ஷன்ல நின்னாரு. பதினோரு ஓட்டு வாங்குனாரு. வீட்டுலயே பதிமூணு பேரு. அந்த ரெண்டு பேரு யாருன்னு இன்னமும் தேடிக்கிட்டிருக்காரு மனுசன்." பால் பவுடர், சோப்பு, சேலை என்று கட்டில் மேல் இறைத்துக்கொண்டே பேசினான். "ஓட்டுன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஒன்னயெல்லாம் சாட்சியா வச்சாங்க பாரு."

உறை கிடைத்தது. ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது. நான் சாமான்களைத் திரும்ப உள்ளே திணிக்க, அவன் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து கட்டினான். சோப்பு ஒரு கட்டு வெளியே நின்றுவிட்டது. "வச்சுக்க, குளி" என்று என் மேல் எறிந்துவிட்டு ஓடினான். நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக இந்த நாடுகளில் என்னை நிற்கவைத்ததெல்லாம் இப்படிப்பட்ட ஆட்கள்தான். காலியான அவன் கட்டிலிலேயே படுத்தேன்.

மறுநாள் காலை ஷட்டர் ஏறுவதற்கு முன்பே கூரியர் கடை வாசலில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் நாகர்கோவில்காரர். உறையின் மேல் படித்துப் பார்த்து, "திங்கள் போயிரும்" என்றார். சீட்டை வாங்கிய பிறகும் நான் நகரவில்லை.

"இன்னும் என்னவோய்?"

"நெசமா போயிருமாண்ணே?"

மூன்றாவது தடவை கேட்டபோது அவருக்கு அலுத்துவிட்டது. "லோடு ஏத்துற பய இன்னைக்கும் வரல்ல. ஒமக்கு நம்பிக்க இல்லன்னா நீரே வேன்ல ஏத்தும். யல்லா."

ஏற்றினேன். அந்த உறை இருந்த சாக்கை முதலில், கையில் தாங்கி. பிறகு மற்ற இருபது முப்பது மூட்டைகளையும்.

திங்கட்கிழமை இரவே மேடத்திடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பெறப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவர் ஆள் தோற்றார். தோற்றவருக்கு விழுந்த ஓட்டுகளை எண்ணிச் சொன்னார்கள். அதில் ஒன்றுக்கு நான் சாட்சி.

உறையை அனுப்பிய அன்று காலை கடைசி மூட்டையை ஏற்றி முடித்ததும் கவுண்டர்காரர் என் வேர்வையையும் பையையும் பார்த்தார். "ரிலீஸ் பேப்பர் இருக்கா?" என்றார். எடுத்துக் காட்டினேன். விசாவுக்குப் பொறுப்பான கடை முதலாளி கஃபீலிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி, ஆணியில் தொங்கிய நீலச் சட்டையைக் காட்டினார். போட்டுக்கொண்டேன். தோள்பட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அடுத்த வேன் பின்பக்கம் வந்து நின்றது.