ஜோராப் போடு!

எங்கள் அத்திம்பேர் சூர்யநாராயணன் தப்பே செய்யாத மனிதர். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். புனேயில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்து, அடுத்தவன் செய்த வேலையில் தப்பு கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டவர். ரிடையர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. வட்டம் போடுகிற புத்தி மட்டும் ரிடையர் ஆகவில்லை. சாம்பாரில் உப்பு கூடினால் உப்புக் கம்பெனி சரியில்லை. பஸ் தவறினால் பஸ்காரனின் கடிகாரம் சரியில்லை. இந்த மனிதருக்கு என் அக்கா அபயாம்பாள் முப்பத்தைந்து வருஷமாகச் சமைத்துப் போடுகிறாள். மச்சினனாகப் பிறந்த பாவத்துக்கு நான், கிட்டு, ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் வாரம் ஆறு நாள் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஓய்வு நாளில் இவர் கூப்பிட்ட இடத்துக்கு ஓடுகிறேன்.

ரிடையர் ஆனவர்கள் பஜனை மண்டலியில் சேர்வார்கள், காலையில் நடப்பார்கள். இவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வாங்கிய, இருபத்தாறு வயதான சிவப்பு வண்டி. இரண்டே சீட். தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறுவதற்கு இறங்க வேண்டும், இறங்குவதற்கு ஏற வேண்டும். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஃபிளாஸ்கில் காப்பியோடு இரண்டு பேரும் லோணாவாலா வரை போய்வருவார்கள். அந்த வயதில் அவள் சிரித்துக்கொண்டு வீடு திரும்புவதைப் பார்க்க எனக்கே நன்றாக இருந்தது.

போன ஜூலையில் அதற்கு முற்றுப்புள்ளி விழுந்தது. போபோடி சிக்னலுக்கு முன்னால் அக்கா, "பெட்ரோல் நாத்தம் வரது" என்றாள். "பழைய வண்டின்னா வரத்தான் வரும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். "ஒனக்கு மூக்கு ஜாஸ்தி" என்றார். மூன்றாம் தடவை சொன்னபோது ரேடியோவைப் பெரிதாக வைத்தார். சிக்னலில் வண்டி நின்றதும், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரன் குதித்து இறங்கிக் கத்தினான். எஞ்சினுக்கு அடியில் பெட்ரோல் ஒழுகித் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. கொட்டுகிற மழையில் அக்கா இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டாள்.

இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்க்கு அது ஆகாது, நாளடைவில் வெடிப்பு விட்டு ஒழுகும். மெக்கானிக் தத்தா இதை அத்திம்பேரிடம் முன்னாலேயே சொல்லியிருக்கிறான், குழாயை மாற்றச் சொல்லியிருக்கிறான். அவர் கேட்கவில்லை. ஒழுகிய பிறகு என்ன சொன்னார் தெரியுமா? பெட்ரோல் மேல் தப்பு.

"நான் மூணு தரம் சொன்னேன். நீங்க கேக்கலை" என்றாள் அக்கா. "எம் மேல தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அப்பறம் ஏறறேன்."

"தப்பு குழாய்மேல இருக்கறச்சே நான் எதுக்குச் சொல்லணும்?"

அதோடு சரி. எட்டு மாசம் அவள் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தார். என் முழங்கால் மோவாயில் இடித்தது. ஃபிளாஸ்கைத் திறந்து தானே ஊற்றிக் குடித்துவிட்டு, "அபயா போட்டாத்தான் காப்பி" என்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"அத்திம்பேர், ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைச்சுடுங்கோளேன்" என்றேன்.

"ஒனக்குத் தெரியாது, கிட்டு. அவளுக்குப் பயம். வண்டில ஒரு சொட்டு ஒழுகாதுன்னு நிரூபிச்சுட்டா தானா வந்து ஒக்காருவா."

ஒரு வார்த்தையில் முடிகிற வேலைக்கு இந்த மனிதர் வண்டியின் குடலை உருவ ஆரம்பித்தார். டாங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லாக் குழாயும் புதிது. எத்தனாலைத் தாங்குகிற ரப்பர். அதற்கு ஏற்ற புது ஃபில்டர். குழாயை மாற்றினால் போதாதாம், டாங்குக்குள் முங்கிக் கிடக்கிற பம்பையும் மாற்றிப் பெரிதாகப் போட வேண்டுமாம். இதற்காக நான் புனே முழுக்க அலைந்தேன். வாங்கி வந்த கிளாம்பை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பாதியைத் திருப்பி அனுப்பினார். கடைக்காரன் என்னைக் கண்டாலே ஷட்டரைப் பாதி இறக்க ஆரம்பித்தான். கட்கி ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற தத்தாவின் ஷெட்டிலோ இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் முடுக்குகிற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் வட்டம் போட்டார்.

தத்தா பொறுமைசாலி. கட்கியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ்க்காரர்களின் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு நாலு தமிழ் வார்த்தை வரும். "வா", "போடு", "சீக்கிரம்", "சாப்டியா". தமிழ்க்காரர்களைக் கண்டால் அவற்றைத் தாராளமாக எடுத்து விடுவான். அத்திம்பேருக்கோ தொழிற்சாலை ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. மராட்டி அரையும் குறையும்தான். ஆனால் முழுதும் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

கடைசியில் மார்ச் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பம்பை டாங்குக்குள் வைத்துவிட்டு, டாங்கை வண்டியில் ஏற்றுவதற்கு முன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தத்தாவுக்கு உத்தரவு போட்டுவிட்டுச் சாப்பிட வந்திருந்தார். ரசம் சாதத்தில் இருக்கும்போது போன் அடித்தது.

"காகா, டாக்கி போடூ கா?" என்றான் தத்தா. காகா என்றால் பெரியவரை மரியாதையாகக் கூப்பிடுவது, டாக்கி என்றால் டாங்க்.

அத்திம்பேர் முகம் மலர்ந்தது. எங்களைப் பார்த்து, "டாங்க்கைப் போடவான்னு தமிழ்லயே கேக்கறான்!" என்றார். போனில், "போடு, போடு! ஜோராப் போடு!" என்றார்.

கையலம்பிவிட்டு வந்து, "அபயா, கெளம்பு. வண்டி ரெடி" என்றார். அக்கா, "வந்து பாக்கறேன். ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டாள்.

ஷெட்டில் நுழையும்போதே சுத்தியல் சத்தம். சிவப்பு வண்டி ஓரமாக நின்றது. அதன் டாங்க் தரையில் கிடந்தது. தத்தா அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, உளியும் பெரிய சுத்தியலுமாக வியர்க்க விறுவிறுக்க அடித்துக்கொண்டிருந்தான். டாங்கின் மேல்பாதி பிளந்து, தகரம் நாலாபக்கமும் வாயைப் பிளந்திருந்தது.

"அடப்பாவி! என்னடா பண்றே?" அத்திம்பேர் போட்ட சத்தத்தில் சுத்தியல் நின்றது.

தத்தா வெலவெலத்துப் போனான். "காகா, தும்ஹீச் ம்ஹணாலாத் நா, ஜோராத் போட்!" நீங்கள்தானே ஓங்கி உடைக்கச் சொன்னீர்கள் என்கிறான்.

அக்கா நெற்றியில் கை வைத்தாள். "ராமா! அவன் போடுன்னு கேக்கலை, ஃபோடுன்னு கேட்டிருக்கான். மராட்டில ஃபோடுன்னா ஒடைக்கறது. தெனம் மார்க்கெட்ல தேங்கா வாங்கறச்சே 'நாரள் ஃபோடூன் தே'ன்னு நான் கேக்கறது ஒங்க காதுலயே விழுந்ததில்லையா? நீங்க ஜோரான்னு வேற சொன்னேளே. ஜோராத்னா பலங்கொண்ட மட்டும்!"

விஷயம் இவ்வளவுதான். பழைய பம்பைப் பிடித்திருந்த வளையம் துருவேறி இறுகிவிட்டது. என்ன செய்தும் திறக்கவில்லை. பொறி பறந்தாலும் தீப்பிடிக்காதபடி டாங்கைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, உடைக்கட்டுமா என்று முறையாகக் கேட்டிருக்கிறான் தத்தா. போனில் 'ஃபோ'வின் காற்றுச் சத்தம் இவர் காதுக்கு எட்டவில்லை. ஆய்த எழுத்தை விட்டுவிட்டுத் தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இப்போது டெலிபோன் கம்பெனியில் ஆரம்பிப்பார், மராட்டி மொழிக்கு வட்டம் போடுவார், தத்தாவின் பரம்பரையில் முடிப்பார் என்று எதிர்பார்த்தேன். தத்தா கையில் சுத்தியலோடு, அழுதுவிடுபவன் போல நின்றான். என் கைக்காசில் வேறு டாங்க் வாங்கித் தந்துவிடுகிறேன், காகா என்று முணுமுணுத்தான்.

அத்திம்பேர் அவனையே பார்த்தார். பிறகு அவன் தோளில் கை வைத்தார்.

"நாஹீ தத்தா. சூக் மாஜீ ஆஹே, துஜீ நாஹீ."

தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. தயக்கமே இல்லாமல், சுத்தமான உச்சரிப்பில் சொன்னார். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

விறுவிறுவென்று போனாள். சிவப்பு வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தாள்.

"அபயா, எறங்கு. வண்டில டாங்க்கே இல்லை" என்றார் அத்திம்பேர்.

"தெரியும். சித்த முன்னாடி அவன்கிட்ட என்னமோ சொன்னேளே, அதைத் தமிழ்ல சொல்லுங்கோ. அதுவரைக்கும் எறங்க மாட்டேன்." புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அந்த வார்த்தை ஒங்களுக்குத் தெரியாதுன்னே நெனச்சிண்டிருந்தேன். தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் சொல்லலை."

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். நான் எங்கும் போவதாக இல்லை. இதற்காகப் புனே முழுக்க அலைந்தவன் நான். வேறு வழியில்லாமல் வண்டி அருகே போய், கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்த வண்டிக்கு ரொம்பவே குனிய வேண்டும்.

"அந்தப் பெட்ரோல்ல என்னன்னா..." என்று ஆரம்பித்தார். அக்கா நேரே கண்ணாடி வழியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்திவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ மூணு தரம் சொன்னே. நான் கேக்கலை. தீப்பிடிச்சிருந்தா..." என்று கதவை இறுகப் பிடித்தார். "என் தப்பு, அபயா" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நின்னுண்டே இருக்காதீங்கோ. அந்தப் பக்கம் வந்து ஒக்காருங்கோ" என்றாள்.

அவர் சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். தத்தா என் பக்கத்தில் வந்து, இந்த வண்டி இன்றைக்கு நகராது என்று அவர்களுக்குத் தெரியுமா என்று ஹிந்தியில் கேட்டான். தெரியும், ஒரு பத்து நிமிஷம் அவர்களைத் தொந்தரவு செய்யாதே என்றேன்.