வரிசையில் நின்ற இரண்டு பக்கம்

பிரிண்டர் பழுது பார்க்கிறவர்களில் பொன்ராஜ் மாதிரி ஒரு தொணதொணப்புக்காரனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வந்த வேலையைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, "இதுல பிரிண்ட் அடிக்காம நிக்கிறது யாரோடது? பார்த்துச் சொல்லுங்க, அப்புறம்தான் கை வைப்பேன்" என்பான். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், "யோவ், நீ மெக்கானிக்கா, தாசில்தாரா?" என்றே கேட்டுவிட்டார். பொன்ராஜ் சிரிக்கவில்லை. சூடு கண்ட பூனை அவன்.

சாத்தான்குளத்துக்காரன். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்து இருபது வருஷம் ஆகிறது. மனைவி ஜெயபாரதி கடையில் போன் எடுப்பாள்; இவன் பைக்கில் வீடு வீடாகப் போவான். முன்பெல்லாம் அவன் வழக்கமே வேறு. இரண்டு மூன்று கம்ப்யூட்டருக்குப் பொதுவாக ஒரு பிரிண்டர் இருக்கிற வீடென்றால், பிரிண்டரை அணைத்துவிட்டு, அச்சுக்குக் காத்திருக்கிற வரிசையை முதல் வேலையாகத் துடைத்துவிடுவான். பாதி வியாதி அங்கேதான் என்பது அவன் சித்தாந்தம். அடையாற்றில் ஒரு தடவை துடைக்காமல் விட்டு, யாரோ என்றோ அனுப்பிய அறுபது பக்கம் மடமடவென்று வந்து விழ, அந்த வீட்டுக்காரரிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது.

போன கார்த்திகையில் மயிலாப்பூரிலிருந்து கோமளம் மாமி கூப்பிட்டாள். கணவர் பத்ரிநாராயணன் தவறிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பிரிண்டர் அவருடைய கம்ப்யூட்டரில் இணைந்திருந்தது. அது ஓடினால்தான் மாமியின் லேப்டாப்பிலிருந்து அச்சு வரும். அவர் போனபின் அந்த அறையில் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. நடுவில் வைஃபை பெட்டியையும் மாற்றியிருந்தார்கள்.

"எல்லாம் பழையபடி வந்துடுமோல்லியோ?" என்று கேட்டாள் மாமி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு.

"எல்லாம் வந்துரும் மாமி."

கம்ப்யூட்டரைப் போட்டான். வரிசையில் ஒரே ஒரு வரி நின்றது. பெயர் வைக்காத கோப்பு, இரண்டு பக்கம், அனுப்பியவர் பத்ரி, பேப்பர் தீர்ந்து நின்றுபோனது. இதற்கெல்லாம் ஒரு யோசனையா? துடைத்தான். பிறகு புது வைஃபையில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்க்கும்படி செய்து, பேப்பர் வைத்து, லேப்டாப்பிலிருந்து ஒரு சோதனைப் பக்கம் அனுப்பினான். சுத்தமாக வந்தது.

மாமி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி அனுப்பினது வரலையே?"

"எது மாமி?"

"ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல ஏறச்சே சொன்னார். 'உனக்கு ஒண்ணு எழுதிப் பிரிண்ட் குடுத்திருக்கேன், வந்து படி'ன்னார். அவர் எதையும் கம்ப்யூட்டர்ல வெச்சுக்க மாட்டார். டைப் அடிப்பார், பேப்பர்ல எடுத்துண்டு மூடிடுவார். வருஷாப்திகத்துக்குள்ள படிச்சுடணும்னு இப்பத்தான் எனக்கு தைரியம் வந்தது."

பொன்ராஜ் துடைத்த திரையைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு நிமிஷம் மாமி" என்று மறுபடி உட்கார்ந்தான். அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்று அவன் பென்டிரைவில் இருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தான், தொழில்கார நண்பன் சர்தாருக்குப் போன் போட்டு யோசனை கேட்டான், அவன் சொன்னதையும் செய்தான். எதுவும் மிஞ்சவில்லை. மாமி காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"ஒண்ணும் இல்ல மாமி. அவர் அனுப்புன மாதிரியே தெரியல."

மாமி அழவில்லை. சோதனைப் பக்கத்தை நாலாக மடித்தாள்.

"நாப்பது வருஷத்துல என்கிட்ட சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசினதில்லை. போறச்சே என் மனசு ஆறட்டும்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போயிருக்கார், பாவம்."

பொன்ராஜ் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். கோயில் குளத்தைச் சுற்றி வருவதற்குள் பைக்கை இரண்டு தடவை நிறுத்தினான். அடப்பாவி, செத்த மனுஷனைப் பொய்யனாக்கிவிட்டு வந்திருக்கிறாயே என்று தன்னையே வைதுகொண்டான். தப்பு செய்தவன் இவன், பழியைச் சுமப்பவர் அவர். மாமி ஆயுசுக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள். வண்டியைத் திருப்பினான்.

கதவைத் திறந்தவளிடம் நின்றபடியே சொன்னான். "மாமி, அவர் அனுப்பியிருந்தாரு. நான்தான் பார்க்காம அழிச்சிட்டேன். பயந்துபோய் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மாமியின் முகம் சிவந்துவிட்டது. "கேட்டிருக்கப்படாதா? அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கப்படாதா?" உள்ளே அறைப் பக்கம் கையை நீட்டினாள். "பதினோரு மாசம் அந்த அறையை ஒருத்தரையும் தொடவிடலையே நான்!"

 போகச் சொல்வாள் என்றுதான் அவன் நினைத்தான். கீழே ஓர் ஆட்டோ வந்து நின்று, யாரோ இறங்கி, அது திரும்பிப் போயிற்று.

"எத்தனை பக்கம்?" என்றாள் மாமி.

"ரெண்டு மாமி. என் கண்ணால பார்த்தேன்."

"ரெண்டு பக்கமா?" மாமி கதவைப் பிடித்துக்கொண்டாள். "மளிகை லிஸ்ட்டே நாலு வரிக்கு மேல எழுத மாட்டாரே. எனக்கா? ரெண்டு பக்கமா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.