நான்காவது டிராக்கில் என் குரல்

இதைப் படிப்பவரே, சற்று நேரம் எனக்குச் சாட்சியாக இருங்கள். தீர்ப்பு கேட்டு உங்களிடம் வரவில்லை. தீர்ப்பு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எனக்குச் சாதகமாக வந்துவிட்டது. அதுவே என் குற்றம். என் அப்பா என்னிடம் ஓர் எச்சரிக்கை சொன்னார். நான் அதைத் தெளிவாகக் கேட்டேன். பிறகு, அவர் சொல்லவே இல்லை என்று வாதாடி, அவரையே அதை நம்பவைத்தேன்.

அப்பாவுக்கு புனேயை ஒட்டிய தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் சிவிலியன் வேலை. திருமணத்துக்கு முன் அவரும் அவருடைய நண்பரும் ஆகுர்டியில் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். நண்பர் ஒரு வாகனத் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் வேலை பார்த்தார், கிதார் வாசிப்பார். அவரை நான் மாமா என்றழைத்தே வளர்ந்தேன். அந்த அறைக்கு அவர்கள் கொண்டுவந்த ஒரே ஆடம்பரம், யாரோ பயன்படுத்தி விற்ற ஒரு நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர். சாதாரண டேப் ரெக்கார்டர் நாடாவின் பாதி அகலத்தை ஒரு பக்கத்துக்கும் மறுபாதியை இன்னொரு பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளும். இந்தக் கருவியோ முழு அகலத்தையும் நான்கு கோடுகளாகப் பிரித்து, நான்கையும் ஒரே திசையில் ஓட்டும். முதல் கோட்டில் டோலக் வாசித்து, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் கீபோர்டு வாசிக்கலாம். இரண்டு பேர் நான்கு பேராகலாம்.

அப்படி அவர்கள் சொந்தமாக மெட்டமைத்து ஓர் இசையைப் பதிந்தார்கள். மூன்று டிராக்குகளில் அப்பா. நான்காவதில் மாமாவின் கிதார். அது முடிந்த சில மாதங்களில் தொழிற்சாலை இயந்திரம் மாமாவின் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அதன்பின் அவர் கிதாரைத் தொடவில்லை. அவர் வாசித்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கேசட்டின் நான்காவது டிராக்.

வேறு பிரதி ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கிதார் எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். இருவரும் தரையில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டு, அப்பா கிதாரை ஏற்றுவார், மாமா இறக்குவார். “உன் டோலக்கை மறைக்கத்தான் என் கிதாரை ஏத்துறே” என்பார் மாமா. முடிவான பிரதி அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போகும். அந்தச் சண்டை அவர்களுக்குப் பிடித்திருந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பதினாறு வயது. தமிழ் தடுமாறாமல் பேசும் பிள்ளை என்று புனேயின் தமிழ்க் குடும்பங்களில் எனக்குப் பெயர் இருந்தது. என் வயதினர் வீட்டில் இந்தியும் தமிழும் கலந்து உளறிக்கொண்டிருக்க, நான் மூச்சு எங்கே எடுப்பது, எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே கூட்டத்தைக் காத்திருக்க வைப்பது என்று பயின்றுகொண்டிருந்தேன். பேச்சுப்போட்டி ஒன்றுக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு, தாய்மொழியைக் காப்பது. கைப்பேசியில் பதிந்து கேட்டால் என் குரல் மெலிந்து ஒலித்தது. அப்பாவின் மைக்கில் பேசி ஹெட்போனில் கேட்டபோது, அது நான் விரும்பிய குரலாக இருந்தது. வீட்டில் காலிக் கேசட் ஒன்றும் இல்லை. அவர்களுடைய கேசட்டை எடுத்தேன்.

டியூட்டிக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பேசிடாதே. இந்த மெஷின்ல மறுபக்கம்னு ஒண்ணு கிடையாது. எங்க வாசிப்பு அழிஞ்சிடும்.”

சரி என்று தலையாட்டினேன். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். கேசட் என்றால் இரண்டு பக்கம், இது பழைய பொருளைப் பூஜை செய்பவரின் பயம் என்று தீர்மானித்தேன். எனக்குத் தெரியாத ஒன்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்ப அந்த வயதில் என்னால் முடியவில்லை. முதல் டிராக்கில் ஏழு நிமிடம் பேசினேன். திருப்பிய கேசட்டின் முதல் டிராக், நேராகப் போட்டால் நான்காவது.

தீபாவளியன்று மாமா வந்தார். இனிப்புத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். டோலக் வந்தது, கீபோர்டு வந்தது. கிதார் வர வேண்டிய இடத்தில், பின்னாலிருந்து முன்னால் இழுத்ததுபோல ஒரு மனிதக் குரல், சொல் எதுவும் பிடிபடாமல், உணர்ச்சி மட்டும் பொங்கிப் பொங்கி ஓடியது.

“யார்றா இது, ரஷ்யாக்காரன்?” என்று மாமா சிரித்தார். பிறகு அவர் கை நான்காவது குமிழுக்குப் போய், அதை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றியது. அவர் சிரிப்பு நின்றது. கருவியை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார்.

“சொன்னேனே” என்றார் அப்பா.

அங்கேதான் நான் எழுந்து நின்றேன். கேசட்டுக்கு இரண்டு பக்கம் என்பது உலகறிந்த செய்தி என்றேன். அவ்வளவு அரிய பொருள் என்றால் அதன்மேல் எழுதி ஒட்டாதது யார் பொறுப்பு என்றேன். கடைசியாக, என் ஆசிரியர்கள் மெச்சும் அந்தத் தாழ்ந்த குரலில், சொன்னீர்கள் என்றால் எந்த நாள், எந்த நேரம், உடன் இருந்தவர் யார் என்று அடுக்கினேன்.

“அன்னிக்கு... டியூட்டிக்குப் போகும்போது சொன்னதா ஞாபகம்.”

“ஞாபகமாப்பா, உறுதியா?”

அப்பா பதில் தேடி மாமாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். “உறுதியா... தெரியலையே” என்றார்.

மாமாதான் தீர்ப்புச் சொன்னார். “அரே, விடுடா. சொல்லணும்னு நினைச்சிருப்பே, சொல்ல மறந்திருப்பே. பையன் என்ன பண்ணுவான்?” அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் அதே பேச்சுக்கு முதல் பரிசு வாங்கினேன்.

வென்றதன் விலை மெல்லத்தான் தெரிந்தது. அப்பா தன் நினைவை நம்புவதை நிறுத்திவிட்டார். வாசலைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். கடைக்குப் போகச் சொன்னால் சீட்டில் எழுதித் தருவார், எழுதிய பிறகும், “உங்கிட்ட சொன்னேன்ல?” என்று கேட்பார். கிடங்கில் இருபது ஆண்டுகளாகத் தனியே எண்ணிய பெட்டிகளைப் பக்கத்து மேஜைக்காரரை வைத்து மறுபடி எண்ணச் சொல்கிறார் என்று அம்மா கவலைப்பட்டாள். மாமா வரும்போதெல்லாம், “வாயில இருக்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல மறந்தவன்டா நீ” என்று கேலி செய்வார். அப்பா சிரிப்பார். நானும் சிரித்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் பன்னிரண்டு கோப்பைகள் வாங்கினேன். உண்மையே வெல்லும் என்று அவற்றுக்கான எத்தனை பேச்சுகளில் முழங்கினேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு சிறு கூடத்தில், கேசட்டில் மறுபடி பாட்டுப் பதியத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர், மூத்த வாத்தியக்காரர்களை அழைத்து, முதல் ரெக்கார்டரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாதாமாதம் நடக்கும் கூட்டமாம். அப்பாவையும் மாமாவையும் அழைத்திருந்தார்கள், நானும் உடன் போனேன். ஒருவர், எதிரொலி வேண்டும் என்பதற்காகக் குளியலறையில் உட்கார்ந்து ஷெனாய் வாசித்த கதையைச் சொன்னார். இன்னொருவர், மனைவியின் குக்கர் விசில் சரியான சுருதியில் விழுந்ததால் அதை அழிக்காமலே விட்டதாகச் சொன்னார். அவ்வளவு அன்பாக ஒரு பொருளைப் பற்றிப் பேச முடியும் என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு அப்பா எழுந்தார். தடுமாறும் இந்தியில், தன் மகன் மேல் தவறில்லை, தான்தான் சொல்ல மறந்துவிட்டதால் நண்பனின் கிதார் போய்விட்டது என்றார். திரும்பி ஓடிய என் பேச்சை வாயால் நடித்தும் காட்டினார். கூடம் முழுவதும் சிரித்தது. மாமா விரல் குறைந்த கையை உயர்த்தி ஆட்டினார். இன்னும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் அப்பா எவ்வளவு நல்லவர் என்றாள்.

திரும்பும் லோக்கல் ரயிலில் மூவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். தாபோடி போனது. பிம்ப்ரி போனது. ஆகுர்டியில் மாமா இறங்கிவிடுவார். சிஞ்ச்வட் தாண்டியதும் சொன்னேன். முன்னுரை எதுவும் வரவில்லை.

“அப்பா, நீங்க சொன்னீங்க. ஷூ போட்டுக்கிட்டே சொன்னீங்க. நான் கேட்டேன்.”

அப்பாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி. “அப்போ நான் சொல்லியிருக்கேன்” என்றார், தனக்குத்தானே. “சொல்லியிருக்கேன்டா” என்று மாமாவின் முழங்காலைத் தட்டினார். அந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை.

மாமா என்னையே பார்த்தார். அவரிடம் அதுவரை நான் கோபத்தைக் கண்டதில்லை.

“டேப் போனது போகட்டும். தெரியாம ஒருத்தன் அழிச்சான்னு நினைச்சு மறந்துட்டேன். ஆறு வருஷமா இவனை எங்க வாயாலேயே மறதிக்காரன் ஆக்க வெச்சியே. அதுவும் இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி. பேசுடா இப்போ. பெரிய பேச்சாளர்தானே.”

ரயில் ஆகுர்டியில் நின்றது. அவர் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார். நான் கதவுக்கு ஓடி, பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னேன்:

“மாமா, அடுத்த மாசக் கூட்டத்துல, அதே ஆளுங்க முன்னாடி, எழுந்து நின்னு இந்தியில சொல்றேன். அப்பா சொன்னாரு, நான் கேட்டேன், கேட்டுட்டுப் பொய் சொன்னேன். இவ்வளவுதான் சொல்லுவேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.”