செக்டர் ஐந்தில் நாற்பது தட்டு இட்லி

தங்கச்சி வீட்டுக்காரர் சிவராமன் மத்திய அரசு வேலையில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி மூன்று வருஷம். வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் எட்டாவதோடு படிப்பை முடித்தவன்தான். ஆனால் திண்டுக்கல் லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தே இந்தியாவை மனப்பாடம் செய்தவன். போன ஜனவரியில் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு இருபத்தெட்டு மணி நேரம், ஸ்லீப்பர் 690 ரூபாய். மகாநதிப் பாலத்தில் நான் எழுந்து நின்றதும் பெட்டியே எழுந்து நின்றது. அங்கிருந்து சிவராமன் வீடு இருக்கும் சால்ட் லேக்குக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், 60 ரூபாய்.

மறுநாள் காலை ஆட்டோவில் செக்டர் ஐந்து போனேன், 20 ரூபாய். இரு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், உள்ளே வெளிநாட்டுக் கம்பெனி வேலைகள். எதிரே நடைபாதையில் செல்வியின் இட்லிக் கடை. அவருக்குச் சொந்த ஊர் உளுந்தூர்பேட்டைப் பக்கம். ஆபீஸ் பிள்ளைகளுக்கு தீதி, அதாவது அக்கா. லண்டன் ஷிப்டுக்கு ஒரு ஈடு, அமெரிக்கா ஷிப்டுக்கு ஒரு ஈடு.

“லண்டன்ல மார்ச் மாசம் கடிகாரத்த மாத்துவாங்கண்ணே. அன்னைக்கு நானும் மாவாட்டுற நேரத்த மாத்திருவேன்.”

நான்கு நாளில் கடைக்குள் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டேன். ஐந்தாம் நாள் ஒரு அரசு அலுவலர் டேப்லெட்டோடு வந்தார். வெளிநாட்டு முதலாளிகள் வரப்போகிறார்களாம், நடைபாதை காலியாக வேண்டுமாம். வேறு கடை இல்லாதவர்களுக்கு மட்டும் பின் தெருவில் இடம். செல்வி ஆதார் நகலை எடுக்கக் குனிந்து பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார். அலுவலர் கடை விவரத்தை என்னைக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் அதிகாரி வந்தால் கொஞ்சம் பெரிதாகக் காட்டிக்கொள்ள வேண்டும், சின்ன ஆளைத்தான் முதலில் தள்ளுவார்கள். அந்தப் பழக்கத்தில் என் இந்தியை எடுத்துவிட்டேன். செல்வி என் கூடப்பிறந்த தங்கை, தினம் ஆயிரம் தட்டு, லேக் மார்க்கெட்டில் இன்னொரு கடை. அவர் மரியாதையாகத் தலையாட்டி எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

செல்வி திரும்பியபோது அலுவலர், இன்னொரு கடை இருப்பதால் உங்களுக்கு இடமில்லை என்றார். ஒரே கடைதான், நாற்பது தட்டுதான் என்று செல்வி சொல்லிப் பார்த்தார். உங்கள் அண்ணனே சொன்னாரே என்று அவர் என்னைக் காட்டினார். நான் சொன்னதெல்லாம் பொய் என்றேன். பதிவு போய்விட்டது, ஏழு நாளுக்குள் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள் என்று அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார்.

செல்வி கத்தவில்லை. “அண்ணே, உங்களுக்கு இது ஊர் சுத்திப் பாக்க வந்த எடம். எனக்கு இருக்கறதே இதுதாண்ணே.”

“மச்சான், உங்க வாயில உண்மை வந்து இன்னைக்குத்தான் பாக்கறேன்,” என்றார் ராத்திரி வீட்டில் கதையைக் கேட்ட சிவராமன். “அதையும் எழுதிக் குடுத்தாத்தான் நம்புவாங்களாம்.” அவரே ஆங்கிலத்தில் எழுதினார், நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் அண்ணனா என்று ஆபீஸில் கேட்டார்கள். இல்லை, இட்லி சாப்பிட வந்தவன் என்றேன்.

திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்து பதினோரு நாள் காத்திருந்தேன். பின் தெருவில் யாருக்கெல்லாம் இடம் என்ற பட்டியல் நான் கிளம்பும்வரை வரவில்லை. தினமும் கடைக்குப் போனேன். செல்வி தட்டு வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். வெங்காயம் உரிக்க என்னைக் கூப்பிடவில்லை.

எங்கோ கடிகாரம் மாறினால் இங்கே மாவாட்டும் நேரம் மாறுகிறது. எங்கிருந்தோ ஒருவர் வந்தால் இங்கே ஒருவர் எழுந்து போக வேண்டியிருக்கிறது. அதற்கெல்லாம் ஈடுகொடுத்த பெண், என் வாய்க்கு ஈடுகொடுக்க முடியாமல் நிற்கிறார்.

போகிறவர்களுக்கு: ஹவுராவில் இறங்கினால் செக்டர் ஐந்துக்கு மெட்ரோ உண்டு, ஆற்றுக்கு அடியில் போகும். ஜனவரியில் ஸ்வெட்டர் அவசியம். டேப்லெட்டோடு யாராவது கேட்டால் உள்ளதை மட்டும் சொல்லுங்கள், அடுத்தவர் கடையைப் பற்றி என்றால் அதையும் சொல்லாதீர்கள்.

மகாநதிப் பாலத்தில் பெட்டியே எழுந்து நின்றது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. செல்வியின் கடையில் நாற்பது தட்டு. நானே எண்ணினேன்.