இருநூற்றுப் பதினான்கு இரட்டை எண்கள்

மருத்துவமனையின் பதிவறையில் எல்லோருக்கும் அவர் 'கார்டு அக்கா'. பத்தொன்பது வருடமாக நோயாளிகளின் அட்டைகளைப் பார்த்துக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தவர். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், மருத்துவரின் கிறுக்கலை வைத்தே ஆளைப் பிரித்துவிடுவார்.

"செத்தவன்கூட உங்ககிட்ட தப்ப முடியாதுக்கா" என்பார் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்.

"நீ தள்ளுற லட்சணத்துக்கு எவன்டா தப்பிப்பான்?"

நான் அங்கே சேர்ந்தது டேட்டாபேஸை வேகப்படுத்த. வெளியே கொடுத்துத் தட்டச்சு செய்த பன்னிரண்டு லட்சம் பழைய பதிவுகளை மொத்தமாக ஏற்ற வேண்டும். "இது ஏறிட்டா தட்டச்சுப் பிரிவே தேவையில்ல. உன்னை நிரந்தரம் பண்ணிடறேன்" என்றார் மேலாளர்.

முதல் தடவை பத்து மணி நேரம் ஓடியும் பாதி ஏறவில்லை. ஒவ்வொரு பதிவு உள்ளே போகும்போதும், தேடலை வேகப்படுத்தும் வரிசைப் பட்டியல்களான இண்டெக்ஸ்கள் எல்லாமே புதுப்பிக்கப்பட்டன. ஒரு அட்டை வைக்க இழுப்பறை முழுவதையும் அடுக்குவது போல. இண்டெக்ஸ்களை நீக்கிவிட்டு ஏற்றினேன். பதினோரு நிமிடம்! தலைகால் புரியவில்லை எனக்கு.

மறுபடி இண்டெக்ஸ் போடும்போது மாட்டிக்கொண்டேன். இருநூற்றுப் பதினான்கு நோயாளி எண்களில் எண்ணுக்கு இரண்டு பேர். ஒரே எண் இரண்டாம் தடவை உள்ளே வரும்போதே இண்டெக்ஸ் தடுத்திருக்கும்; அந்தக் காவலை வேகத்துக்காக எடுத்தவன் நான்தான். எந்தப் பதிவு யாருடையது என்று எனக்குத் தெரியாது. பட்டியலோடு அக்காவிடம் போனேன்.

"இதைச் சரிபண்ணிட்டா என்னை வெச்சுப்பாங்களா தம்பி? பொண்ணு படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"வெச்சுப்பாங்கக்கா."

"படிச்ச பிள்ளை, சும்மா சொல்லமாட்டே."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம் நீட்டி அம்மாவும் இதையேதான் சொல்வார். அக்காவிடம் பொய் சொன்னேனா? எனக்கும் உறுதியாகத் தெரியாது என்று சில நாள் சமாளித்துக்கொள்கிறேன். தெரியும்.

மூன்று நாள், சாப்பிடக்கூட எழாமல், பழைய அட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருத்தினார். ஒரு குழந்தையின் ரத்த வகை ஒரு கிழவரின் பதிவில் ஏறியிருந்ததையும் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம், "முடிஞ்சுதுப்பா" என்றார்.

என் இடத்துக்கு வந்து கட்டளையைக் கொடுத்தேன். நாற்பது விநாடியில் இண்டெக்ஸ் உட்கார்ந்தது. முன்பு கால் நிமிடம் எடுத்த தேடல், விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் விடையைக் காட்டியது.

மேலாளர் தோளில் தட்டினார். "கலக்கிட்டே! அந்தம்மா லாகினை எடுத்துடு."

"நாளைக்கு எடுக்கட்டுமா சார்? முதல்ல அவங்ககிட்ட..."

"இப்பவே எடு. சொன்னப்புறம் கோபத்துல எதையாவது அழிச்சுட்டுப் போனா?"

எடுத்தேன்.

பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "தம்பி, ஸ்கிரீன் நின்னுபோச்சு. அந்தக் குழந்தையோடதை மட்டும் இன்னொரு வாட்டி பார்த்துக்கலாம்னு இருந்தேன். கொஞ்சம் வாயேன்."

"வர்றேன்க்கா" என்றேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

"அவசரமில்லப்பா. உன் வேலையை முடிச்சுட்டு வா."