கூறைப்புடவைக் கரையில் இருந்த பாட்டு

1971, தை: தென்னேரியிலிருந்து என் அக்காள் கணவர் வந்து, கட்டம் போட்ட தாள் ஒன்றை என் தந்தையிடம் கொடுத்தார். மாசி: அத்தாளைப் பார்த்து தறிக்கு மாதிரி காட்டும் அட்டைகளில் துளை அடிக்கப்பட்டது, எனக்கு வரும் பெண்ணுக்கான கூறைப்புடவை தறியில் ஏறியது. பங்குனி: பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தலிட்டு எனக்குத் திருமணம் நடந்தது.

இவ்வளவும் உறுதி. மற்றவற்றில் எனக்குத் தெளிவில்லை.

அக்காள் கணவரை மாமா என்பேன். மாமா பயிர்த்தொழில் செய்தவர், பாட்டுக் கட்டுபவர். ஏரி மதகு திறக்கும் நாளில் மட்டும் பாடுவதற்கென்று ஒரு பாட்டு வைத்திருந்தார். வாலாஜாபாத் அரிசி மில்லில் பெல்ட் அறுந்தபோது கட்டியதை, மறுபடியும் பெல்ட் அறும்வரை பாட மறுத்தார். சுரங்களை எழுத்தில் எழுதமாட்டார். புடவைக் கரைக்கு மாதிரி வரையும் தாளை எங்கள் வீட்டில் கேட்டு வாங்கிப்போய், சுரத்துக்கு நிரப்பிய கட்டம், நிறுத்தத்துக்கு வெற்றுக் கட்டம் என்று குறித்துக்கொள்வார். இது அக்காளுக்குத் தெரியும், தந்தைக்குத் தெரியாது. என் கல்யாணத்துக்கென்று மாமா கட்டிய பாட்டைத் தந்தை கரை மாதிரி என்றே எண்ணி நெய்யக் கொடுத்துவிட்டார். தறியிலேயே வாழ்ந்தவர் கட்டத்தாளை வேறு என்னவென்று எண்ணுவார்?

மணமேடையருகே மாமா குனிந்து கரையைப் பார்த்தார்.

"பாட்டைக் கட்டிக்கினு உக்காந்துக்குதுபா பொண்ணு" என்றார்.

"இன்னா மாப்பிள்ளே, தோய்ச்சா ராகம் சாயம் போவுமா?" என்று பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மாமாவைக் கேட்க, பந்தல் சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. கரையைப் பார்த்தபடியே பாடத் தொடங்கினார். படித்தவன் என்ற கூச்சத்தில், "போதும் மாமா" என்றேன். நிறுத்திவிட்டார். பாதியில் நிறுத்தினாரா, பாட்டே அவ்வளவுதானா, தெரியவில்லை. நெய்யும்போது புடவையின் உட்பக்கம் மேலே இருக்கும். மாதிரி இடம் வலமாக மாறியிருக்கலாம் என்று தந்தை பிறகு சொன்னார். அப்படியானால் மாமா பாடியது தாம் கட்டியதையா, அதன் மறுதலையையா? அவர் மறையும்வரை அதை மறுபடி பாடவில்லை. துளை அடிக்கப் போன தாளும் திரும்பவில்லை.

சென்ற மாதம் என் மனைவி காலமானாள். கூறைப்புடவையைச் சார்த்தி அனுப்பலாமா என்று பெண்கள் கேட்டார்கள். சுமங்கலிக்கு அதுவே முறை, சரி என்றேன். பாட்டு எஞ்சியிருந்த ஒரே இடம் அதுதான் என்பது, எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகே நினைவுக்கு வந்தது. முன்பே நினைத்திருந்தால் மறுத்திருப்பேனா?

விளக்கைத் துடைக்கும்போது அவள் ஏதோ முணுமுணுப்பாள். ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும். சினிமாப் பாட்டு அன்று என்பது மட்டும் தெரியும்.

செய்யாமல் விட்டவை:

மீதி உண்டா என்று மாமாவிடம் கேட்பது.

அது என்ன பாட்டு என்று அவளிடம் கேட்பது.

தென்னேரிக்குப் போய், அக்காளுக்கு நினைவிருக்கும்போதே உட்கார்ந்து கேட்பது.

அம்மா முணுமுணுத்ததைப் பாடிக்காட்டும்படி மகளிடம் சொல்வது. இரண்டுமுறை வாயெடுத்தேன்.