இரண்டு கையால் பிடித்த மைக்

கிராம சபையில் மதினி அந்த மைக்கை இரண்டு கைகளாலும் வாங்கினார். பெரிய மனிதர்கள் எதைக் கொடுத்தாலும் அப்படி வாங்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வாங்கியபின் ஒரு கையை விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மேசைக்குப் பின்னால் ஊராட்சித் தலைவரும் அலுவலர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கின் அடியை உள்ளங்கைகளுக்குள் பொத்தி, கும்பிடுகிற மாதிரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "ஐயா, வணக்கமுங்க" என்றார். "ஐயா" மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது.

நார்த்தாமலைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேச வராது. மற்றவர்கள் மைக்கைச் சோதிக்க "ஹலோ, ஹலோ" என்பார்கள்; நான் விரலால் தட்டிப் பார்ப்பதோடு சரி. "ஊருக்கெல்லாம் சத்தத்தக் குடுத்துட்டு எங் கொழுந்தனாரு வாயத் தச்சுக்கிட்டாரு" என்று மதினி கேலி செய்வார். அண்ணன் சிரிப்பார். அதெல்லாம் அண்ணன் இருந்த காலத்தில்.

அண்ணன் வயலிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது பாதையோரக் கல் குவாரியில் வெடி வைத்தார்கள். பறந்து வந்த கல் ஒன்று அவர் தலையில் விழுந்தது. வெடிக்கு முன்னால் அபாயச் சங்கு ஊத வேண்டும், பாதையில் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அன்று சங்கும் இல்லை, ஆளும் இல்லை. கொடி இருந்தது, அவர்தான் மதிக்காமல் வந்தார் என்று குவாரிக்காரர்கள் சொன்னார்கள். அண்ணன் மகள் அதே பாதையில்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் மே தினக் கிராம சபை வந்தது. அங்கே எழுந்து பேசப்போவதாக மதினி சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். என் அண்ணனுக்காக நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் பேசப் பேச மைக் விட்டு விட்டு வந்தது. ஒரு சொல் கேட்கும், நாலு சொல் போய்விடும். ஓடிப்போய் பேட்டரியை மாற்றினேன். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை இழுத்துவிட்டேன். என் கையில் வைத்துத் தட்டினால் ஜம்மென்று கேட்டது. தலைவர் வாங்கி ஊதிப் பார்த்தார், கேட்டது. மதினியிடம் கொடுத்ததும் மறுபடி போயிற்று. "மைக்குக்கே அந்தப் பேச்சு புடிக்கலப்பா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள். மதினி மைக்கை என் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். குவாரி பற்றி வேறு யாருக்கும் குறை உண்டா என்று கேட்டார்கள். இருந்தவர்களில் பாதிப்பேருக்குக் குவாரியில்தான் வேலை. இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு பல நாள் அந்த மைக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்தேன். திருச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கோளாறே இல்லை என்றார்கள். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் வழக்கம்போல மைக்கை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அன்று தவறுதலாக மைக்கையும் அதன் சத்தத்தை வாங்குகிற பெட்டியையும் அணைக்காமல் விட்டிருந்தேன். பெட்டியில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது. கையை எடுத்தேன், எரிந்தது. வயரில்லாத மைக்குக்கு அதன் ஏரியல் அடிப்பகுதியில் இருக்கிறது. அதைப் பொத்தினால் சத்தம் பெட்டிக்குப் போய்ச் சேராது. அதிகாரம் உள்ளவர்கள் ஒரு கையால் நடுவில் பிடிக்கிறார்கள். பணிந்து பேசுகிறவர்கள்தான் இரண்டு கையால் பொத்துகிறார்கள்.

போய் மதினியிடம் சொன்னேன். "அப்ப நான் கும்புட்டதுதான் கோளாறா?" என்றார். "ஒத்தக் கையில புடிச்சுப் பேசுனா, புருசன் செத்தும் திமிரு அடங்கலன்னு சொல்ல மாட்டாகளா தம்பி?"

ஆனாலும் பழகினார். தோசைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று பேசிப் பார்ப்பார். பாதியிலேயே இடது கை தானாக வந்து சேர்ந்துகொள்ளும். "இந்தக் கைய வெட்டித்தான் போடணும்" என்பார். அண்ணன் போனபிறகு நான் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி எதையாவது பார்த்தது அந்த நாட்களில்தான்.

அடுத்து வந்த சுதந்திர தினக் கிராம சபையில் முந்தானையை இடது கையில் இறுகச் சுற்றிக்கொண்டு நின்றார். வலது கையால் மைக்கை நடுவில் பிடித்தார். "எங்க வீட்டுக்காரவுக போயிட்டாக. போனவுக வரப்போறதில்ல. எம் மக தெனமும் அந்த ரோட்டுலதான் போகுது. வெடி வைக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் ஆள நிறுத்தச் சொல்லுங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்." ஒரு சொல்கூட விடுபடவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பிவந்தது அவர் குரல். யாரும் சிரிக்கவில்லை.

பேசி முடித்தவர் அங்கேயே நின்றார். "கேட்டுச்சுங்களா?" என்றார்.

"நல்லாக் கேட்டுச்சும்மா" என்றார் அலுவலர். "மைக்கு இன்னைக்கு நல்லா இருக்கு." பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மதினி இன்னொரு கூட்டத்துக்குப் போகவில்லை. மைக் கெட்டிருந்தவரை அவர் மறுபடி பேசலாம் என்றிருந்தார். நன்றாகக் கேட்டுவிட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார். அங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். கோயில் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை.

இந்த வருஷ மே தினக் கூட்டத்துக்கும் நான்தான் மைக் செட் போட்டேன். அதே மைக்தான், ஒரு குறையும் இல்லை. அலுவலர் வரவுசெலவு வாசித்துக்கொண்டிருந்தபோது குவாரிப் பக்கம் வெடித்தது. லீவு நாள்தான், ஆனாலும் வெடித்தது. பந்தலின் தகரம் அதிர்ந்தது. அதற்கு முன்னால் சங்கு ஊதவில்லை. அலுவலர் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.